இரட்டைக்குழல் துப்பாக்கியோடு முதல் வேட்டை: வாங்குவது முதல் துடைத்து வைப்பது வரை

ஊரில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் ஒரு துப்பாக்கி கிடக்குமே, இரண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அதுதான் இன்றைக்கு நம் விஷயம். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டி அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை வெறும் கதையாகப் படியுங்கள். அமெரிக்காவில், அதிலும் என்னைப்போல மிச்சிகனில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

என்னைக் கெடுத்தவர் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒரு பெரியவர். ஓர் அக்டோபர் சனிக்கிழமை வடக்குக் காட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் கையில் தாத்தா காலத்து ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் என்ற இரட்டைக்குழல். என் கையில் கடையில் புதிதாக வாங்கிய பம்ப் துப்பாக்கி, அதாவது முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒற்றைக்குழல். மதியத்துக்கு மேல் மாற்றிப் பிடித்துப் பார்ப்போம் என்றார். வாங்கிப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. பம்ப் என்பது தூக்கிக்கொண்டு நடக்கிற பொருள். இதுவோ கையோடு சேர்ந்துகொள்கிற பொருள். எடை சுமார் 6 பவுண்ட். அந்த எடை முழுவதும் இரண்டு கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பம்பில் தோட்டாவை முன்னும் பின்னும் தள்ள ஒரு நீளமான இரும்புப் பெட்டி வேண்டும். இதில் அது கிடையாது. ஆகவே குழல் நீளம் ஒன்றாகவே இருந்தாலும் மொத்தத்தில் இது மூன்று நான்கு அங்குலம் குட்டை. புதரில் நுழையும்போது அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும்.

இரண்டே தோட்டாதானா என்று கேட்பார்கள். மூன்றாவது தோட்டா என்னிடம் இருந்த நாட்களில் நான் ஒரு பறவையைக்கூட மூன்றாவது தோட்டாவில் வீழ்த்தியதில்லை. சரி, படிகளுக்குப் போவோம்.

படி 1: காகிதம் முதலில்

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. அதில் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. அதாவது நமக்கு உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. உரிமம் காலாவதியானால் அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியும் சிக்கல்தான். மிச்சிகன் உரிமம் மார்ச் 1-இல் தொடங்கி அடுத்த வருடம் மார்ச் 31-இல் முடியும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உரிமம் வாங்க, 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் வேண்டும். வகுப்பைச் சலித்துக்கொள்ளாதீர்கள். என் வகுப்பில் பாதிப் பேர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அவர்கள் எல்லோரும் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினார்கள்.

படி 2: எந்த அளவு

12, 16, 20, 28 என்று அளவு சொல்வார்கள். இந்த எண் தலைகீழ்க் கணக்கு. குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்குமோ அதுதான் எண். 12 நின்றால் உருண்டை பெரிது, குழலும் பெரிது. 20 நின்றால் சின்னது.

புதியவருக்கு 20 அல்லது எடை குறைந்த 12 போதும். 16 அழகான அளவு, எனக்கும் ஆசைதான், ஆனால் பக்கத்துக் கடையில் தோட்டா கிடைக்காமல் அலைவீர்கள்.

படி 3: பழையதைத் தட்டிப் பார்த்து வாங்குவது

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டும். லண்டன் பர்டி கம்பெனியில் புதிதாக ஒன்று செய்யச் சொன்னால் அந்தக் காசுக்குச் சென்னையில் ஃபிளாட் வாங்கிவிடலாம். நமக்குப் பழையதுதான். அமெரிக்காவில் செய்த பார்க்கர், ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித், இத்தாகா எல்லாம் பழைய சந்தையில் வரும். 1909-இல் ஆப்பிரிக்காவுக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் எடுத்துப் போனதில் ஒன்று ஃபாக்ஸ். அந்தப் பெருமைக்குத் தனி விலை. என் சிபாரிசு ஸ்பெயினின் ஐபார் ஊர்த் துப்பாக்கிகள், குறிப்பாக ஏ.ஒய்.ஏ. ஆங்கிலேயர் வடிவத்தைப் பார்த்து ஒழுங்காகச் செய்தவை, விலையும் கட்டுப்படியாகும்.

உள்ளே இருக்கும் பொறி இரண்டு வகை. சைட்லாக் என்றால் இரு பக்கமும் தகடு வைத்து அதில் பொறியைப் பூட்டியிருப்பார்கள். பாக்ஸ்லாக் என்றால் நடுப்பெட்டிக்குள்ளேயே அடக்கம். பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் ஆன்சனும் டீலியும் 1875-இல் காப்புரிமை வாங்கிய பாக்ஸ்லாக்கின் வாரிசுகளைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். தகட்டின் பூ வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காமல் பாக்ஸ்லாக்கை வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் திறந்து இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பாருங்கள். பிறகு துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவரைப் பாருங்கள். மூடிய நிலையில் அது நடுவிலோ சற்று வலப்பக்கமோ நிற்க வேண்டும். இடப்பக்கம் தாண்டிப் போயிருந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. அடுத்து குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடியபடியே குழலையும் தோளில் வைக்கும் கட்டையையும் பிடித்து லேசாக ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் கீல் தளர்ந்துவிட்டது.

இப்போது குழலைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். ணங்ங் என்று இழுத்து ஒலித்தால் நல்லது. இரண்டு குழலையும் சேர்த்துப் பற்றவைத்த நடுப்பட்டை எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம் வரும். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தட்டிப் பார்ப்பதைக் கண்டால் விற்பவர் முகமே மாறும். ஆள் விஷயம் தெரிந்தவன் என்று விலை கொஞ்சம் இறங்கவும் செய்யும்.

குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தபடி நோட்டம் விடுங்கள். உள்ளே விழும் வட்ட வட்ட நிழல் நடுவில் எங்காவது நெளிந்தால் நசுங்கல். குழலின் மேலே பாம்புத் தோல் மாதிரிச் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்தது, கரிமருந்துக் காலத்துச் சரக்கு. பார்க்க அவ்வளவு அழகு. சுவரில் மாட்டலாம். இன்றைய தோட்டா போட்டுச் சுடாதீர்கள்.

கடைசியாகத் தோட்டா அறையின் நீளம். நான் வாங்கிய முதல் துப்பாக்கியில் கோட்டை விட்டது இதில்தான். விற்றவர் "எல்லாம் சாதாரண 12தான்" என்றார், நானும் தலையாட்டினேன். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் அறை 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இங்கே கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டா 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர். வில்லங்கம் என்னவென்றால் அது உள்ளே சரியாக நுழைந்து, கதவும் மூடிவிடும். ஏனென்றால் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடிந்த வாய் விரிய இடமில்லாமல் போய் அழுத்தம் எகிறும். இரண்டு சனிக்கிழமை சுட்டுத் தோள் நீலமாகிப்போய்த் துப்பாக்கி ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் குழலின் அடித்தட்டையில் இருந்த முத்திரையைச் சுரண்டிக் காட்டி, "இதைப் படிக்கலையா?" என்று மட்டும் கேட்டார். பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் அரசு ஒப்புதல் சோதனை முத்திரை கட்டாயம், அறை நீளம் அதில் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் அந்த ஏற்பாடு கிடையாது, ஆகவே இங்கத்திய பழையதை அளந்தே தீர வேண்டும். குழலின் சுவர்க் கனத்தையும் அவரையே அளக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன்னால், பின்னால் அல்ல.

படி 4: சட்டைபோல் பொருந்த வேண்டும்

இந்தத் துப்பாக்கியில் குறி பார்த்துச் சுடுவதில்லை. பறவையைத்தான் பார்ப்போம், கண் போகிற இடத்துக்குக் குழல் போக வேண்டும். கட்டையின் நீளம், தாழ்வு, பக்கச் சாய்வு மூன்றும் உடம்புக்கு ஏற்றபடி இருந்தால்தான் அது நடக்கும். கடையில் இருப்பவை பெரும்பாலும் ஆறடி ஆளுக்குச் செய்தவை. நான் ஐந்தரை அடி.

காலியா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, துப்பாக்கிக் கூடத்தில் 16 கஜ தூரத்தில் பெரிய தாளில் ஒரு புள்ளி வைத்து நில்லுங்கள். அதன் பிறகு தோட்டா போட்டு, யோசிக்காமல் தூக்கித் தூக்கி ஐந்து தடவை சுடுங்கள். தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகள் கூட்டமாக விழுந்த இடத்தின் நடு, புள்ளியில் இருந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் கட்டையில் ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு மாற்ற வேண்டும் என்பது கணக்கு. எனக்கு நான்கு அங்குலம் மேலே போனது. ஆசாரி கால் அங்குலம் கட்டையை வளைத்துக் கொடுத்தார்.

படி 5: தோட்டா

துப்பாக்கி எடையில் 96-இல் ஒரு பங்குக்கு மேல் ஈயம் போடக் கூடாது என்று கிரீனர் என்ற ஆங்கிலத் துப்பாக்கிக்காரர் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு. 6 பவுண்ட் என்றால் 96 அவுன்ஸ். ஆக 1 அவுன்ஸ். காட்டில் இதற்கு மேல் தேவையும் இல்லை. குண்டு அளவு எண் 7½ அல்லது 8. பழைய குழலில் எஃகுக் குண்டு போடவே போடாதீர்கள், மென்மையான குழலைக் கெடுத்துவிடும். வாத்து வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயத்துக்குத் தடை, அங்கே பழைய துப்பாக்கிக்கு பிஸ்மத் தோட்டாதான். விலை கடிக்கும்.

படி 6: இரண்டு விசை

இதன் ருசியே இதில்தான். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடதுக்கு. வலது குழலின் வாய் அகலம், குண்டுகள் சீக்கிரம் விரியும், கிட்டத்துப் பறவைக்கு. இடது குழலின் வாய் சற்று இறுக்கம், குண்டுகள் நெருங்கியே போகும், தூரத்துக்கு. எந்த விசையை இழுப்பது என்பதைப் பறவை எழும் அந்த நொடியில் விரல் முடிவு செய்யும். ஒற்றை விசைத் துப்பாக்கியில் இதற்காக ஒரு பொத்தானைத் தேட வேண்டும், அதற்குள் பறவை அடுத்த மாவட்டத்தில்.

வீட்டில் போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள். தோளுக்கு வரும் வழியில் கட்டைவிரல் சேஃப்டியைத் தள்ள வேண்டும், கன்னம் கட்டையில் பட்ட பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். பெரும்பாலான ஆங்கில, ஸ்பானிஷ் துப்பாக்கிகளில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். என் முதல் சீசனில் நான்கு பறவைகள் இந்தச் சேஃப்டி புண்ணியத்தில் பிழைத்தன. தினமும் இருபது தடவை, இரண்டு வாரம். மனைவி முதல் நாள் சிரிப்பார், பிறகு கண்டுகொள்ள மாட்டார்.

படி 7: காட்டில்

தேடிப் போவது ரஃப்ட் கிரௌஸ். நம் ஊர்க் கௌதாரிக்கு அண்ணன் என்று வையுங்கள், முக்கால் கிலோவுக்குள் இருக்கும். வெட்டிவிட்டுப் பத்து இருபது வருடத்தில் மறுபடி முளைத்த ஆஸ்பென் காட்டில் பாருங்கள், மரங்கள் மணிக்கட்டுக் கனத்தில் நெருக்கமாக நிற்கும் இடம். சீசன் செப்டம்பர் 15-இல் தொடங்கும். வட பகுதிகளில் நாளுக்கு 5. அதே காட்டில் மண்புழு தின்னும் நீள மூக்கு வுட்காக்கும் இருக்கும், அது வலசைப் பறவை, நாளுக்கு 3, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஆரஞ்சு நிறத் தொப்பியோ சட்டையோ கட்டாயம்.

நாய் இல்லாதவர்கள் இருபது அடி நடந்து நில்லுங்கள். நடக்கும்வரை கிரௌஸ் பதுங்கியிருக்கும், நின்றால் பயந்துவிடும். அப்புறம் காலடியில் கடை ஷட்டரைப் படாரென்று ஏற்றினது மாதிரி ஒரு சத்தம். எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிடும். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழ்வாகப் பறந்தால் விட்டுவிடுங்கள், அந்த உயரத்தில் நாயும் இருக்கும், கூட வந்தவரும் இருப்பார்.

விழுந்த மரம், ஓடை, வேலி, பேச்சு, தேநீர், எதுவானாலும் முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுங்கள். திறந்து முழங்கையில் தொங்கும் இரட்டைக்குழலைப் பத்தடி தள்ளி நிற்பவரும் பார்த்தாலே காலி என்று தெரிந்துகொள்வார். பம்ப் துப்பாக்கி இப்படித் தன் வயிற்றைக் காட்டாது. அந்தப் பெரியவர் என்னைப் பம்ப்போடு கூட்டிப் போன நாளெல்லாம் ஏன் என் பின்னாலேயே நடந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

படி 8: வீடு திரும்பியதும்

ஈரத்தோடு உறைக்குள் வைக்காதீர்கள். குழலைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துணியில் தொட்டுத் தடவுங்கள், ஊற்றக் கூடாது. பொறியில் ஊற்றிய எண்ணெய் பின்னால் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்து மக்கவைக்கும். அதற்காகவே பழைய ஆட்கள் குழல் வாயைக் கீழே பார்த்தபடி நிறுத்தி வைப்பார்கள். பூட்டிய அலமாரி வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மிச்சிகனில் 2024 பிப்ரவரி முதல் அது சட்டமும்கூட.

பறவையை அன்றே சுத்தம் செய்துவிடுங்கள். நெஞ்சுக்கறி வெள்ளை, கொழுப்பு இருக்காது, அதிக நேரம் வேகவைத்தால் ரப்பர். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். சாப்பிடும்போது மெதுவாக மெல்லுங்கள், எவ்வளவு தேடி எடுத்தாலும் ஒரு ஈயக்குண்டு பல்லில் மாட்டாமல் இருக்காது.