பூசணி மசாலா காபி: தூளைக் கடைசியில் தூவாதீர்கள்

இலையுதிர் காலத்தில் மவுசு கூடிவிடும் பூசணி மசாலா லாட்டேயை (பால் அதிகம் சேர்த்த காபி) வீட்டிலேயே போடலாம். மசாலாவுக்குப் பட்டைத்தூள் 4 பங்கு, சுக்குத்தூள் 2, ஜாதிக்காய்த்தூள் 1, கிராம்புத்தூள் அரைப் பங்கு. கிராம்பு கூடினால் மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும்.

பலரும் இந்தத் தூளைக் கடைசியில் பாலில் தூவுகிறார்கள். அது கரையாது, மேலே மிதந்து நாக்கில் மணல் போல நெருடும். ஒரு கோப்பைக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை, வேகவைத்து மசித்த பூசணி ஒரு டேபிள்ஸ்பூன், மசாலா கால் டீஸ்பூன் எடுத்து, சிறுதீயில் கிளறுங்கள். சர்க்கரை இளகி விழுது பளபளக்கும்போது வாசம் குப்பென்று எழும், அந்த நொடிதான் பக்குவம். உடனே முக்கால் கப் பாலை ஊற்றி, ஓரத்தில் சிறு குமிழ்கள் வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். பொங்க விட வேண்டாம்.

சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சியை நேரடியாகப் போட்டால் பால் திரியக்கூடும். அதிலுள்ள நொதிதான் காரணம். இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பாலோடு சேருங்கள்.

இந்தப் பாலில் கலக்கும் டிகாஷன் மட்டும் கண்டிப்பாகக் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்திருந்தால் காபி ருசியே தெரியாது, மசாலாப் பால்தான் குடிப்பீர்கள்.