ஞாயிறு பிரசங்கத்தை எழுத்தாக்கிச் சபைக்கு அனுப்புவது எப்படி?

பிரசங்கம் ஆலயத்துக்கு வந்தவர்களோடு நின்றுவிடுகிறது. படுக்கையில் இருக்கும் முதியவருக்கும், ஞாயிறும் பணிக்குப் போகும் செவிலியருக்கும், சவூதியில் வேலை பார்க்கும் வாலிபருக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஒலிப்பதிவை அனுப்பினால் போதாதா என்று பல போதகர்கள் கேட்கிறார்கள். 30 நிமிடப் பதிவை முழுதாகக் கேட்பவர்கள் குறைவு. எழுத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். மனதில் பட்ட வரிக்கு மறுநாளும் திரும்பலாம்.

பேசியதை அப்படியே தட்டச்சு செய்வதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. அரைமணி நேரப் பேச்சு ஏறக்குறைய 3,000 சொற்கள் வரும். மேடையில் ஒரே கருத்தை மூன்று முறை சொல்லலாம், குரலும் முகமும் அதைத் தாங்கும். தாளில் அதுவே சலிப்பாகிவிடும். 500 முதல் 600 சொற்கள் போதும். ஆகவே முழுப் பேச்சையும் சுருக்குவதில் இறங்காதீர்கள், அதில் ஒரு கருத்தை மட்டும் தெரிந்தெடுங்கள்.

லூக்கா 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மேடையில் இரவெல்லாம் பட்ட பாடு, கீழ்ப்படிதல், மனுஷரைப் பிடிக்கும் அழைப்பு என்று மூன்று தலைப்புகளில் பேசியிருப்பீர்கள். கட்டுரைக்கு ஒரே கேள்வி போதும்: படகு அமிழும் அளவுக்கு மீன் கிடைத்த நேரத்தில் பேதுரு ஏன் இயேசுவிடம் ‘என்னைவிட்டுப் போகவேண்டும்’ என்றான்? 8-ஆம் வசனத்தில் நின்று இதற்குப் பதில் தேடினாலே கட்டுரை நிறைந்துவிடும். மீதி இரண்டும் அடுத்த வாரங்களுக்கு இருக்கட்டும். தலைப்பும் ‘கீழ்ப்படிதலின் ஆசீர்வாதம்’ என்று பொதுவாக வேண்டாம். ‘பேதுரு ஏன் பயந்தான்?’ என்றால் கை அங்கே நிற்கும்.

எழுத உட்கார நல்ல நாள் திங்கள் மாலை. பிரசங்கம் நினைவில் இருக்கும், ஆராதனை முடிந்து வாசலில் சபையார் கேட்ட கேள்விகளும் மறந்திருக்காது. அந்தக் கேள்விகள்தான் கட்டுரையின் சாரம். சனிக்கிழமைக்குத் தள்ளினால் அடுத்த செய்தியின் தயாரிப்பு அதை விழுங்கிவிடும்.

கணினித் தட்டச்சு பழகாதவர்கள் கைப்பேசியின் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். ஆனால் முற்றுப்புள்ளி சரியாக விழாது, ஒற்று மிகும் இடங்கள் தவறும், எப்பிராயீம், நெகேமியா போன்ற பெயர்கள் உருமாறி வரும். அதனால் சத்தமாக ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். வசனங்களை மட்டும் நினைவிலிருந்து எழுதவே கூடாது. வேதாகமத்தைத் திறந்து, உங்கள் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பையே எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதுங்கள். பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பையும் ஒரே பக்கத்தில் கலந்தால், வசனத்தைத் தேடிப் பார்ப்பவர் குழம்புவார்.

யூனிகோடு எழுத்துருவில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சகத்துக்குக் கொடுத்த கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஏ4 அளவு பிடிஎஃப் வேண்டாம். சின்னத் திரையில் எழுத்து எறும்பு போல ஆகிவிடும், பெரிதாக்கினால் வரிக்கு வரி பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கும். வெறும் எழுத்தாக அனுப்பினால், கைப்பேசியில் வைத்திருக்கும் பெரிய எழுத்திலேயே பாட்டியும் படித்துவிடுவார். நீண்ட செய்தி பாதியில் மறைந்து ‘மேலும் படிக்க’ என்று நிற்கும். ஆகவே ‘கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே’ என்ற வாழ்த்திலேயே முதல் வரிகளைச் செலவழிக்காமல் கேள்வியை அங்கே வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். வீடு சந்திக்கும்போது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். கைப்பேசி இல்லாதவர்களுக்கு ஒரு ஏ4 தாளின் இரு பக்கமும் 14 புள்ளி எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஜெபிக்கச் சொல்லி உங்களிடம் வந்தவரின் நோய், கடன், குடும்பப் பிரச்சினை எதையும் எடுத்துக்காட்டாக எழுதாதீர்கள். பெயரை மாற்றினாலும், 80 குடும்பங்கள் உள்ள சபையில் அது யாரென்று அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். மேடையில் சொன்னது காற்றோடு போகலாம், எழுத்து கைமாறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒருமுறை நடந்தால் அந்தக் குடும்பம் போதகரிடம் மனம் திறக்காது, பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் திறக்க மாட்டார்கள். சாட்சியாக எழுதியே ஆகவேண்டும் என்றால், எழுதியதை முழுதாக அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

வேறொரு போதகரின் விளக்கம் உதவியிருந்தால் அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். இணையத்தில் கண்ட படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். படமே இல்லாமல் போவதில் குறையில்லை.

வாரம் ஒன்று முடியாவிட்டால் மாதம் இரண்டு என்று வையுங்கள், நாள் மட்டும் மாறக் கூடாது. ஒவ்வொன்றையும் தேதியும் வசனமும் சேர்த்த பெயரில் சேமித்து, ஒரு நகலைச் சபை அலுவலகக் கணினியிலும் வையுங்கள். இடமாற்றம் வந்து நீங்கள் போன பிறகும் சபை நாட்குறிப்புக்கும் ஆண்டு மலருக்கும் அவை கைகொடுக்கும். புதிதாக வரும் போதகரும் அதுவரை எந்தெந்தப் பகுதி போதிக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்வார்.