திரையில் அழகாகத் தெரிந்தால் போதாது: பல இம்ப்ளான்ட்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்னப் பல் லேப்பில் வேலை செய்கிறேன். முன்பு கிளினிக்குகளிலிருந்து வாயை அச்செடுத்த தட்டு வரும், இப்போது வாயை ஸ்கேன் செய்த ஃபைல் வருகிறது. ஒற்றை இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) என்றால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. பல்லே இல்லாத தாடையில் நாலு, ஆறு என்று வரும்போதுதான் தலைவலி. போன வருடம் ஒரு மேல் தாடை ஃபைல் வந்தது, பார்க்க அவ்வளவு சுத்தம். இம்ப்ளான்ட்களை ஒன்றாகப் பிணைக்கும் டைட்டேனியம் பார் செய்து அனுப்பினோம். வாயில் ஒரு பக்கத்துத் திருகாணியை இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது.

ஸ்கேனர் முழுத் தாடையையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் இம்மியளவு பிசகு. ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குப் போவதற்குள் அது சேர்ந்துவிடும். இயற்கைப் பல்லைச் சுற்றி நார்த்திசு இருப்பதால் கடிக்கும்போது 100 மைக்ரோன் (மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று) வரைகூட அசைந்து கொடுக்கும். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்ட் சில மைக்ரோன்தான் அசையும். அதனால் பிசகு முழுவதும் திருகாணியின் தலையில் விழுகிறது. முதலில் தளரும், அப்புறம் உடையும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு ஸ்கேன் பாடி, அதாவது இம்ப்ளான்ட் இருக்கும் இடத்தை ஸ்கேனருக்குக் காட்ட அதன்மேல் திருகும் சின்னத் தூண், சரியாக அமராதது. இம்ப்ளான்ட் ஆழமாக இருந்தால் முரசில் (ஈறில்) ஒரு துணுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று கை சொல்லும், ஆனால் பாடி சாய்ந்து நிற்கும். ஸ்கேனர் அந்தச் சாய்வையும் அப்படியே நேர்மையாகப் பதிந்து தரும்! லேப்பில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இம்ப்ளான்ட்டின் நீளவாட்டுக்கு நேர்க்குத்தாகக் கதிர் விழும்படி ஓர் எக்ஸ்ரே எடுத்தால் இடைவெளி தெரிந்துவிடும். அதற்காக மூச்சைப் பிடித்து முறுக்கவும் கூடாது, பிளாஸ்டிக் வகைப் பாடிகள் நசுங்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்லியிருப்பார்கள். கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் பல தடவை போய்வந்து விளிம்பு தேய்ந்த பாடியைத் தூக்கிப்போடுங்கள்.

அடுத்தது, ஸ்கேனரை வாய்க்குள் அலைய விடுவது. வழவழப்பான முரசில் ஒரே மாதிரி நாலு தூண் நின்றால், எது எந்தத் தூண் என்று மென்பொருள் குழம்பும். ஒரு கடைசியில் தொடங்கி, அந்த இயந்திரத்துக்குச் சொன்ன பாதையில் நிதானமாகப் போகவேண்டும். முரசில் அங்கங்கே பல் அடைக்கும் கொம்போசிட்டால் புள்ளி வைத்தால் அதற்கு அடையாளம் கிடைக்கும். விடுபட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து ஒட்டுப்போடுவதைவிட, முழுதாக இன்னொரு தடவை எடுப்பது நல்லது.

இம்ப்ளான்ட்மேல் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியில் பேசப் போகாதீர்கள். முரசின் வடிவம் சில நிமிடங்களிலேயே சுருங்கத் தொடங்கும். அதை முதலில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் பாடிகளை மாட்டவேண்டும். எச்சிலைத் துடையுங்கள், நாற்காலி விளக்கைத் திருப்பிவிடுங்கள். இங்கே பல வைத்தியர்கள் ஸ்கேனரைக் காரில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று கிளினிக் ஓடுகிறார்கள். கொழும்பு–காலி வீதியில் குலுங்கி வந்த கருவியை அளவுதிருத்தம் செய்யாமல் வாயில் வைக்கலாமா?

ஓர்டரில் ஸ்கேன் பாடியின் கம்பனியும் அளவும் இல்லாமலே சில ஃபைல்கள் வரும். மென்பொருளில் தவறான லைப்ரரியை (கம்பனிவாரியாகப் பாடிகளின் வடிவங்கள் உள்ள தொகுப்பை) தேர்ந்தால் இம்ப்ளான்ட் எங்கோ போய் நிற்கும்.

கடைசியாக, சரிபார்க்காமல் நேரே இறுதி வேலைக்குப் போவது. நோயாளியை இன்னொரு தடவை கூப்பிட வைத்தியர்கள் தயங்குகிறார்கள், எனக்கும் புரிகிறது. அந்த மேல் தாடைக்குப் பிறகுதான் நாங்கள் அதே ஃபைலிலிருந்து மாதிரி எடுத்து, அதன்மேல் பிளாஸ்டரில் ஒரு சோதனைச் சட்டம் செய்து அனுப்பினோம். பிளாஸ்டர் வளையாது, பொருந்தாவிட்டால் உடையும். மூன்றாவது திருகாணியில் டக்கென்று வெடித்ததாம். வைத்தியர் பழையபடி அச்சுத் தட்டைக் கையில் எடுத்தார்.