கொழிஞ்சாம்பாறையிலிருந்து செட்டிபாளையத்துக்கு: குறைந்த செலவில் ஃபார்முலா கார் பந்தயத்தில் இறங்குவது எப்படி?

எங்கள் ஊர்ப் பக்கம் பந்தயம் என்றால் பெரியவர்களுக்கு ரேக்ளாதான் நினைவுக்கு வரும். ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரும் ஃபார்முலா பந்தயக் காரைப் பற்றி நான் விளக்கியபோது என் மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காரை வாங்கி வீட்டுக்கு என்னடா பிரயோஜனம்?" என்றார். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையின் முதல் பாடமும் அதுதான்: காரை வாங்காதீர்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் கையில் இருக்கும் பணத்தைப் பொருளில் போட்டுவிட்டு, ஓட்டுவதற்குப் பணமில்லாமல் நிற்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார், பாலக்காட்டுச் சித்தூர் என்று கேரள–தமிழக எல்லையோரம் வாழும் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சாவடியைத் தாண்டி மலுமிச்சம்பட்டி வழியாகப் போனால் செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003இல் திறக்கப்பட்ட, 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கோவையிலேயே உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். மற்ற மாநிலத்துப் பையன்கள் ரயிலேறி, அறை எடுத்துத் தங்கி வருகிற இடத்துக்கு நாம் காலை இட்லியை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

எந்தப் பந்தயத்தைக் குறிவைப்பது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்ஜிபி ஃபார்முலா 4, ஃபார்முலா 1300 ஆகிய பிரிவுகள் நமக்கானவை. மாருதி கார் எஞ்சினை முதுகுப்பக்கம் வைத்து ஓடும் எளிய கார்கள். ஒரே பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், காசைக் கொட்டி வேகமான காரை வாங்கிவிட முடியாது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேறான, கார்பன் ஃபைபர் உடலும் டர்போ எஞ்சினும் கொண்ட சர்வதேச ஃபார்முலா 4 பக்கம் இப்போதைக்குத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

முதல் படி: கொடி பிடியுங்கள்

செலவே இல்லாத படி இது. பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படியும் இதுவே. பந்தய நாட்களில் வளைவுக்கு வளைவு நின்று கொடி காட்டுகிறவர்களை மார்ஷல் என்பார்கள். பலரும் தன்னார்வலர்கள். போட்டியை நடத்தும் சங்கத்திடம் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பயிற்சி தந்து சேர்த்துக்கொள்வார்கள்.

நான் முதன்முதலில் நின்றது ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொடியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் கற்றதைப் பணம் கொடுத்தும் கற்றிருக்க முடியாது. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறை, முந்தாதே. நீலம் என்றால் உன்னைவிட வேகமான ஒருவர் பின்னால் வருகிறார். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் தரையில் எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது, வழுக்கும். கறுப்பின் நடுவே ஆரஞ்சு வட்டமும் உன் வண்டி எண்ணும் தெரிந்தால் உன் காரில் ஏதோ பழுது, பிட்டுக்கு (பாதையோரம் காரைப் பழுதுபார்க்கும் இடம்) வா.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே வளைவுக்கு முதலில் வருகிறவரும் கடைசியில் வருகிறவரும் எந்த இடத்தில் பிரேக் மிதிக்கிறார்கள் என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். கடைசி ஆள் பெரும்பாலும் தாமதமாகத்தான் மிதிக்கிறார்! உள்ளே வேகமாகப் பாய்ந்து, நடு வளைவில் காரோடு மல்லுக்கட்டி, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடியாமல் தவிக்கிறார். முன்னால் இருப்பவர் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, நிதானமாகத் திருப்பி, அடுத்த நேர்ப்பாதையில் பறந்துவிடுகிறார்.

இரண்டாம் படி: கார்ட்டில் காசைப் போடுங்கள்

கார்ட் என்பது தரையோடு ஒட்டி ஓடும் சின்னத் திறந்த பந்தய வண்டி. கோவையில் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். பத்து நிமிடச் சுற்று சில நூறு ரூபாய்தான். நண்பர்களோடு மோதி விளையாடப் போகாதீர்கள்; கூட்டமில்லாத வார நாளில், ஒரு சிறு குறிப்பேட்டோடு தனியாகப் போங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு பாடம். இன்று பிரேக் மட்டும், அடுத்த வாரம் பார்வை மட்டும்.

கார்ட்டில் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். வளைவிலோ உள்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் அதிக தூரமும் போக வேண்டும். அதனால் உள்சக்கரம் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கைத் தெளிவாக ஒரே முறை திருப்பினால் எடை வெளிப்பக்கம் சாய்ந்து அது தூக்கும். பயந்து பயந்து திருப்பினால் வண்டி நேராகவே இழுக்கும். எடை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை இடுப்பால் உணரக் கற்றுத்தருவது கார்ட்தான். பந்தயத்தில் பாதி வித்தை அதிலேயே இருக்கிறது.

கணினி சிமுலேட்டர்? உண்டு, பயன்படும். பாதையை மனப்பாடம் செய்யலாம், கொடிகளைப் பழகலாம். ஆனால் இடுப்புக்கு அங்கே வேலையில்லை, மோதினால் பில்லும் வராது. கையில் இருக்கிறது என்றால் பயன்படுத்துங்கள். கடன் வாங்கி ஸ்டியரிங் வாங்காதீர்கள்.

நம் தென்னந்தோப்புச் சாலைகளில் பழகிப்பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பொதுச்சாலையில் வேகப்பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதோடு, எதிரே தேங்காய் ஏற்றிவரும் டெம்போவுக்கு உங்கள் பந்தயக்கோடு (வளைவை வேகமாகக் கடக்க நீங்கள் பிடிக்கும் வழி) தெரியாது.

மூன்றாம் படி: பயிற்சிப் பள்ளியில் ஒரு நாள்

பந்தய அணிகள் சில, சீசனுக்கு முன்பு ஃபார்முலா காரிலேயே புதியவர்களுக்குப் பயிற்சி தருகின்றன. கட்டணம் கார்ட்டைப் போலப் பல மடங்கு. அதனால்தான் முதல் இரண்டு படிகளையும் முடித்துவிட்டு வரச் சொல்கிறேன். கொடியும் பந்தயக்கோடும் தெரிந்தவர் அந்த நாள் முழுவதையும் காரைப் பழகுவதற்கே செலவிடலாம்.

போவதற்கு முன்பு கால்களைப் பழக்குங்கள். வேகம் குறைத்து கியரை இறக்கும்போது, வலது பாத முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் அப்போதுதான் ஒத்துப்போகும். தட்டாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் ஒரு கணம் இறுகி, கார் பம்பரமாகிவிடும். நிறுத்திவைத்த வீட்டுக் காரில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தினம் ஐம்பது முறை செய்துபாருங்கள். என் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கார் கெட்டுப்போய்விட்டது என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் படி: உரிமம்

எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி உரிமம் இல்லாமல் பந்தயத்தில் இறங்க முடியாது. 1971இல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் சென்னையில். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவரின் உடற்தகுதிச் சான்று, இரத்த வகை, வயதுச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் சீசன் முடியப்போகும் நேரத்தில் எடுத்துக் காசை வீணாக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உடையும் தலைக்கவசமும்

சிக்கனம் பிடிக்கும் கை இங்கே கொஞ்சம் விரியட்டும். பைக் தலைக்கவசத்தில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாலும் கார் பந்தயத்துக்கு ஆகாது. தீயைத் தாங்கும் உள்துணி கொண்ட, ஸ்னெல் எஸ்ஏ2020 அல்லது எஃப்ஐஏ (உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) தரச்சான்று ஒட்டியதே வேண்டும். கார்ட்டுக்கான தலைக்கவசத்தில் தீத்தடுப்பு கட்டாயமில்லை. கார்ட் உடையும் அப்படியே: தரையில் உரசினால் தோலைக் காக்கும், தீயில் காக்காது. "இரண்டுக்கும் ஒன்றே போதும்" என்று சொல்லும் கடைக்காரரிடமிருந்து கும்பிட்டு விடைபெறுங்கள்.

கார் உடையில் எஃப்ஐஏ 8856 என்ற எண் கழுத்துப்பட்டையின் பின்புறம் தைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் போட்டியின் விதிமுறையில் எந்த ஆண்டுத் தரம் வரை ஏற்கிறார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முத்திரை செல்லுபடியானால் பழைய உடையை வாங்குவதில் தவறில்லை. பழைய தலைக்கவசத்தை மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை கீழே விழுந்து உள்நுரை நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை அணியிடமே வாடகைக்குக் கேளுங்கள். அதன் வார்கள் மாட்டும் கொக்கிகள் உங்கள் தலைக்கவசத்தில் இருக்க வேண்டும். உள்ளே நைலான் பனியன் போடாதீர்கள், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். காலணியின் அடி மெல்லியதாக இருக்கட்டும்; ஃபார்முலா காரின் மிதிகள் நெருக்கமானவை, சாதாரண ஷூ இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும்.

ஆறாம் படி: ஓர் இருக்கையை வாடகைக்கு எடுங்கள்

கார், மெக்கானிக், டயர், எரிபொருள் எல்லாம் அணியுடையது. நீங்கள் தலைக்கவசத்தோடு போய் உட்கார்ந்தால் போதும். ஒரு சுற்றுப் போட்டிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். சீசனுக்குச் சீசன் விலை மாறுவதால் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். டயர் புதியதா, ஓடியதா? வெள்ளிக்கிழமைப் பயிற்சி இதில் அடங்குமா? மோதினால் யார் செலவு?

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் சுற்று, டயர் இன்னும் சூடாகவில்லை, முந்தைய நாள் நினைப்பில் அதே இடத்தில் பிரேக் மிதித்தேன். கார் மெதுவாகத்தான், ஏறக்குறைய மரியாதையாகத்தான் டயர்ச் சுவரில் சாய்ந்தது. முன் இடது சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பிகள் இரண்டும் மூக்குப்பகுதியும் போயின. பில்லைப் பார்த்தபோதுதான் சேதம் என் தலையில் என்பதே எனக்குத் தெரிந்தது. அந்த ஆண்டின் மீதிப் போட்டிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் கணக்கு இதுதான்: கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ஓட்டும் நேரத்துக்கு, இரண்டு உடைக்கு, இரண்டு மோதலுக்கு. கடைசி இரண்டைத் தொடாமல் சீசன் முடிந்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். பொறியியல் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த காரைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி இதே காரி பாதையில் நடந்திருக்கிறது. கல்லூரி அணியில் சேர்ந்தால் ஸ்பானர் பிடிக்கும் பழக்கமாவது வரும்.

பேசி முடித்ததும் இருக்கை வார்ப்பு, அதாவது உங்கள் உடம்பின் அளவுக்கு இருக்கை செய்வது. காரின் வெற்றுத் தொட்டியில் பெரிய குப்பைப் பையை விரித்து உங்களை உட்காரச் சொல்வார்கள். இரண்டு திரவங்களை வாளியில் கலக்கி முதுகுக்குப் பின்னால் பைக்குள் ஊற்றுவார்கள். சில வினாடிகளில் அது இட்லி மாவைப் போலப் பொங்கி, முதுகில் சூடேறி, விலா எலும்புகளுக்கு இடையே புகுந்து இறுகும். எங்கள் மெக்கானிக் அண்ணன், "தம்பி, மூச்சை இழுத்துப் பிடிக்காதே, இயல்பாக இரு. இப்போது வயிற்றை உள்ளே இழுத்தால் பந்தயம் முழுக்க இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்" என்றார். நான் இழுத்துத்தான் வைத்திருந்தேன். மறுபடியும் வார்த்தார்கள். கையை ஸ்டியரிங்கில் வைத்து, கிளட்சை முழுதாக மிதித்த நிலையில் உட்காருங்கள். அந்த வார்ப்பு உங்களுடையது. அதே வகைக் காரை வாடகைக்கு எடுக்கும்போதெல்லாம் கொண்டுபோகலாம்.

ஏழாம் படி: முதல் பந்தயம்

காலையில் பாதையை நடந்து பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மரங்களைக் கவனியுங்கள். எதிர்க்காற்று உங்களோடு சேர்ந்து பிரேக் பிடிக்கும், பின்காற்று வளைவுக்குள் தள்ளும். யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவுசெய்யும் தகுதிச்சுற்றில் முன்னால் காலி இடம் விட்டு ஓட்டுங்கள். பந்தயத்தின் முதல் வளைவில் யாரையும் முந்த நினைக்காதீர்கள்; குறுகிய இடத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும் இடம் அது. முடிவுக் கொடியைப் பார்க்கும்வரை ஓடி முடிப்பது மட்டுமே இலக்கு.

நான் அப்படித்தான் ஓட்டினேன். பதினான்கு பேரில் பன்னிரண்டாம் இடம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மீதி இரண்டு பேர் முதல் வளைவிலேயே ஒருவரோடு ஒருவர் மோதி நின்றுபோனவர்கள் என்பதை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.