சத்தம் போடாத செயின்: தொலைதூரப் பயண பைக் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலை ஏறுவதற்கு முன் காரவள்ளியில் தேநீருக்கு நிறுத்துவது எங்கள் வழக்கம். போன மாதம் அங்கே ஒரு தம்பி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கோடு வந்து நின்றார். பழைய 411 சிசி வண்டி. வாங்கி மூன்று மாதம் ஆகிறதாம். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் நான்கு விளக்கு, உயர்த்திய ஹேண்டில்பார். ஆசை ஆசையாகச் சேர்த்த வண்டி என்பது பார்த்தவுடன் தெரிந்தது. குனிந்து செயினை விரலால் மேல்நோக்கித் தள்ளினேன். அசைய மறுத்தது.

"நேற்றுதான் இறுக்கினேன் அண்ணா. இப்போது சத்தமே இல்லை" என்றார்.

நானும் ஒரு காலத்தில் இதே சொல்லை இதே பெருமையோடு சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதா என்று கவனியுங்கள் என்பதெல்லாம் வண்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டைப் படித்தவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

செயினை இறுக்கி வைப்பது

2018 ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே போகும் சாலையில் மோரே சமவெளியைக் கடந்துகொண்டிருந்தேன். இருபுறமும் மலை, நடுவே நேராக ஓடும் சாலை. வண்டியின் இடது பக்கத்தில், காலுக்கு அருகே, அம்மியில் கல் அரைபடுவதுபோல் ஓர் ஓசை கிளம்பியது. நிறுத்திப் பார்த்தேன். முன் பல்சக்கரத்தை மூடியிருக்கும் உறைக்குக் கீழே எஞ்சின் முழுவதும் ஆயில். பல்சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடியது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது. சீலும் கிழிந்திருந்தது. அந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சினும் போயிருக்கும்.

அங்கிருந்து தங்லங் லா கணவாயைத் தாண்டி லே வரை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிப் போனேன். அந்த பேரிங்கை மாற்ற எஞ்சினைக் கழற்றி இரண்டாகப் பிளக்க வேண்டும். உதிரிப்பாகம் வந்து சேர ஒன்பது நாள். வாடகை, கூலி, அறைச் செலவு எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய். பாங்காங் ஏரியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

பழுது அன்று வந்ததல்ல. அதற்கு முன் ஓராண்டு முழுக்க நான்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செயினைத் துடைப்பேன், எண்ணெய் பூசுவேன், லேசாகத் தளர்ந்ததுபோல் தோன்றினால் ஒரு சுற்று இறுக்குவேன். முன் பல்சக்கர உறைக்கு அடியில் கறுப்பாக ஓர் ஈரம் படியும். செயினில் பூசிய எண்ணெய் தெறித்தது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிடுவேன். செயினுக்குப் பூசுகிற எண்ணெய் விரலில் ஒட்டி நூல்போல இழுபடும். இது அப்படி இழுபடவில்லை. நீர்த்து, எஞ்சின் ஆயிலின் வாசனையோடு இருந்தது. சீல் கசிகிறது என்று வண்டி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் யாரும் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள். மூன்று புள்ளிகளை மனதில் வையுங்கள்: முன் பல்சக்கரத்தின் நடு, சுவிங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) எஞ்சினுக்குப் பின்னால் பொருந்தும் அச்சு, பின் சக்கரத்தின் அச்சு. வண்டி ஆளின்றி நிற்கும்போது சுவிங்ஆர்ம் பின்பக்கம் கீழே சாய்ந்திருக்கும். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்காது. ஆள் ஏறி, சுமை ஏறி, சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது பின் சக்கரம் மேலே எழுகிறது. மூன்றும் நேர்கோட்டுக்கு வரும் அந்த நொடியில்தான் முன் பல்சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தூரம் மிக அதிகம். செயின் மிகவும் இறுகுவதும் அப்போதுதான்.

நகரத்தில் ஓடும் சிறிய வண்டிகளில் பின் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் குறைவு; செயினைக் கொஞ்சம் இறுக்கி வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஹிமாலயன் 411-இல் அந்தத் தூரம் 180 மில்லிமீட்டர். நிற்கும் வண்டியில் கச்சிதமாகத் தெரிகிற செயின், பள்ளத்தில் விழும்போது நீள இடமில்லாமல் முன் தண்டைப் பின்னோக்கி இழுக்கிறது. ஒரு நாளில் ஆயிரம் பள்ளம் என்றால் ஆயிரம் இழுப்பு. அத்தனையும் அந்தச் சின்ன பேரிங்கின் தலையில்தான் இறங்குகிறது. ஷாக் அப்சார்பராலும் முழுதாக அமுங்க முடியாது. அதனால் ஓட்டுபவரின் முதுகுக்கும் அடி.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்: பட்டறையில் போய் "செயின் சத்தம் போடுகிறது" என்றால், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். சத்தம் நின்றவுடன் நாமும் மகிழ்ந்து காசு கொடுத்துவிட்டு வருகிறோம். தளர்ந்த செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இறுகிய செயின் பேரிங்கைத் தின்று முடிக்கும்வரை வாய் திறக்காது. மிகவும் தளர்ந்தால் செயின் கழன்று விழும் ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் மறுபக்கத்தில்தான் தவறுகிறார்கள்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். லாரிகளில் சரக்கு கட்டப் பயன்படும் இழுவைப் பட்டை ஒன்றை வாங்கி, பின் இருக்கைக்குக் கீழுள்ள சட்டத்திலிருந்து சுவிங்ஆர்முக்குக் கட்டி, மூன்று புள்ளிகளும் நேர்கோட்டுக்கு வரும்வரை வண்டியை மெல்ல அமுக்குங்கள். பட்டை இல்லையென்றால் கனத்த நண்பர்கள் இருவரை உட்கார வையுங்கள். சக்கரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள். ஓடித் தேய்ந்த எந்தச் செயினும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. அந்த இறுக்கமான இடத்தில், அமுங்கிய நிலையிலும் செயின் கொஞ்சமாவது ஆட வேண்டும். பிறகு பட்டையை அவிழ்த்து வண்டியை இயல்பாக நிற்கவிட்டு, அதே இடத்தில் செயின் எத்தனை மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடுகிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டிலும் சுவிங்ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது அளக்க வேண்டுமா, சென்டர் ஸ்டாண்டிலா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

பின் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட்டை முறுக்கி முடித்தபின் மறுபடியும் அளப்பது முக்கியம். நட்டு இறுகும்போது சக்கரம் ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்து, பார்த்துப் பார்த்து வைத்த அளவைக் குறைத்துவிடும். அது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

இன்னொன்று. ஓ-ரிங் செயினில் கிரீஸை உள்ளே வைத்து அடைத்திருக்கிறார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் ரப்பர் வளையங்கள் கிழிந்து கிரீஸ் வெளியேறும். மண்ணெண்ணெயும் மெல்லிய நைலான் பிரஷும் போதும்; பெட்ரோல் கூடாது.

விளக்குக்காக வயரைக் கீறுவது

கூடுதல் விளக்கு போடுபவர்களில் பாதிப் பேர் ஹெட்லைட்டுக்குப் போகிற வயரின் தோலைக் கீறி, அதில் புது வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுகிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 40 வாட் விளக்கு இரண்டு என்றால் 80 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 6.7 ஆம்பியர். நான்கு விளக்கு என்றால் 13 ஆம்பியருக்கு மேல். ஏற்கெனவே ஹெட்லைட்டைச் சுமக்கிற மெல்லிய வயரும் சுவிட்சும் இதையும் சேர்த்துச் சுமக்க முடியாது. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் சூடாகி, டேப் இளகி, ஒரு மழை இரவில் மொத்த விளக்கும் அணைந்துவிடும். மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். ஒன்றின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டை விட அதிகமில்லை. அதன் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒரு தடித்த வயர். 87-இலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளுக்கு உரியவை: ஒன்று எர்த்துக்கு, மற்றொன்று சுவிட்சுக்கு. சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைச் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுங்கள். அப்போது விளக்கை அணைக்க மறந்து தூங்கினாலும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது. ஃப்யூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். விளக்குக்கு அருகே வைத்தால், நடுவில் எங்காவது வயர் தேய்ந்து சட்டத்தில் பட்டால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டு கேபிளை மறப்பது

நின்றுகொண்டு ஓட்டுவதற்கு வசதியாக ஹேண்டில்பாரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் வளரவில்லை. உயர்த்திய பிறகு வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் தானாகச் சீறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முழுக்கத் திருப்பிய நிலையில் வண்டி தானாக முன்னே பாய்ந்தால், சுவரில் மோதுவீர்கள் அல்லது பள்ளத்தில் இறங்குவீர்கள். கேபிள்களைக் கழற்றி வேறு வழியாகக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின்னால் சுமையைக் குவிப்பது

மணாலி-லே சாலையில் உள்ள தண்டி பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று ஒரு பலகை உண்டு. அதன் படத்தைப் பார்த்துப் பயந்து, நான்கு கேன் பெட்ரோலைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றாலே 450 கிலோமீட்டர் ஓடும். ஏற்றத்துக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரு ஐந்து லிட்டர் கேன் போதும். அதையும் முன் கிராஷ் கார்டின் பக்கம், தாழ்வாகக் கட்டுங்கள். பின் அச்சுக்கு அப்பால் உயரத்தில் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்குகிறது, பின் சட்டத்தின் வெல்டிங்கைப் பிளக்கிறது.

கார் ஆயிலை ஊற்றுவது

டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறியீடு) என்று இல்லையென்றால் வாங்காதீர்கள். கிளட்ச் நழுவும்.

சைலன்சர் மாற்றுவது

செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மலைக்கிராமத்தில் தூங்கும் குழந்தைக்கும் காது இருக்கிறது.

ஒரே ஒரு டியூப் எடுத்துப்போக வேண்டுமென்றால்

முன் சக்கரத்துக்கான 21 அங்குல டியூபை எடுங்கள். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்தின் 17 அங்குல டயருக்குள் மடித்துத் திணித்து அடுத்த ஊர் வரை போய்விடலாம். பின் டியூபை முன்னால் இழுத்துப் போட முடியாது. பலர் டியூபைக் கொண்டுபோகிறார்கள், டயர் கழற்றும் நெம்புகோலை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வாசலில் ஒருமுறையாவது டயரைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

பீச்சி அடிக்கும் தண்ணீர்

வண்டியைக் கழுவும்போது அதைச் சக்கரத்தின் நடுவிலும், ஹேண்டில்பார் கழுத்திலும், செயினிலும் அடிக்கவே கூடாது.

காரவள்ளியில் அன்று அந்தத் தம்பியின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தினோம். தேநீர்க் கடைக்காரரும் இன்னொரு நண்பரும் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் குனிந்து மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே சொல்ல, தம்பி இரண்டு பக்கத் திருகுகளையும் கால் சுற்று கால் சுற்றாக விட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது சுற்றில்தான் செயின் விரலுக்கு அசைந்து கொடுத்தது. முன் பல்சக்கர உறைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தூசிதான் ஒட்டியது, ஈரம் இல்லை. பெட்டி மூடியின் உட்புறத்தில் அளவை மார்க்கரால் எழுதிக்கொண்டார். மலை ஏறும்போது என் முன்னால்தான் போனார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய செயின் லேசாகச் சலசலப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.