இஸ்லாமிய ஆய்வுக்கு வர நினைக்கும் டர்பன் பிள்ளைகளுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் மாரியம்மன் கோயில் குடும்பத்தில் வளர்ந்த நான் இன்று இஸ்லாமிய ஆய்வு கற்பிக்கிறேன். இதற்கு முஸ்லிமாகப் பிறந்திருக்க வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. அரபு மட்டும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாண்டு இளங்கலையிலேயே அரபைத் தொடங்கிவிடுங்கள். அதற்கு அடுத்த ஹானர்ஸ் ஆண்டில் தொடங்கினால் காலம் போதாது. வகுப்போடு நிற்காமல் பக்கத்து மதரசா உஸ்தாத் ஒருவரிடமும் பாடம் கேளுங்கள். தென்னாப்பிரிக்க இஸ்லாமிய அறிஞர் ஃபரித் இஸாக் கராச்சியில் மதரசாக் கல்வி முடித்து, பிறகு பர்மிங்காமில் முனைவர் பட்டம் பெற்றவர். நிறவெறியை எதிர்த்துப் பிற மதத்தாரோடு தோள்சேர்ந்து நின்ற அனுபவத்திலிருந்து குர்ஆனை வாசித்து 1997-ல் அவர் வெளியிட்ட நூலை முதலாண்டிலேயே படித்துவிடுங்கள்.

ஆய்வுத் தலைப்பைக் கெய்ரோவில் தேடாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. சூஃபி மகான் பாத்ஷா பீர் அதில் வந்தவர் என்பது இங்குள்ள நம்பிக்கை. புரூக் தெருவில் அவர் தர்காவுக்கு என் ஆயா பூ கொண்டுபோவார். அந்தக் காலத்து முஹர்ரம் ஊர்வலத்தில் இந்துக்களும் திரண்டு நடந்தார்கள். இதையெல்லாம் எழுத இன்னும் ஆள் வேண்டும்! முதலில் தர்கா பொறுப்பாளரிடம் அனுமதி வாங்குங்கள். வருகிறவர்களின் எதிரே குறிப்பேட்டை விரிக்காமல், வெளியே வந்ததும் எழுதுங்கள். கேட்ட கதைகளைக் கப்பல் பட்டியலோடும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருப்பவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமய உரையாடலுக்கு வருவோம். கிறிஸ்தவப் போதகர்களோடு மேடையேறி வாதிட்ட டர்பன்காரர் அஹ்மத் தீதாத் காலத்திலிருந்து நம் ஊருக்கு வாத மேடை நன்றாகவே பழக்கம். ஆனால் உரையாடலில் வெற்றி தோல்வி கிடையாது. அதற்கு வேறு பயிற்சி வேண்டும். கடவுள் ஒருவரா பலரா என்று முதல் கூட்டத்தையே தொடங்கினால் இரண்டாவது கூட்டம் நடக்காது. அடக்கம், தகனம், போதைப்பொருள், பள்ளி விடுமுறை என எல்லார் வீட்டிலும் உள்ள விஷயத்தை எடுங்கள். ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பற்றி மட்டும் பேசட்டும், பிறர் சமயத்தைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கட்டும். வெள்ளி நண்பகல், ஞாயிறு காலை, புரட்டாசிச் சனி, ரமலான் மாலை வேண்டாம். இறைச்சி ஹலாலாக இருக்கட்டும். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. சாப்பாட்டில் தவறினால் உரை எவ்வளவு அருமையாக இருந்தாலும் மறுமுறை வரமாட்டார்கள்.

பல்கலைக்கழக வேலைகள் குறைவு. அதனால் ஓராண்டு ஆசிரியர் சான்றிதழையும் முடித்து வையுங்கள். பள்ளி இறுதியாண்டான மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை சமயக் கல்வி ஒரு பாடமாக இருக்கிறது. எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் அந்த வகுப்புக்கு, குர்ஆனையும் தேவாரத்தையும் மதிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் தேவை.