சாட்சியைக் கேட்டே கெடுக்காதீர்கள்: குற்ற ஆவணப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, இந்தம்மாகிட்ட மூணு தடவை உட்கார்ந்து பேசிட்டோம். ஒண்ணு விடாம எழுதியிருக்கோம்."

பயிற்சி வகுப்பின் இடைவேளையில் ஒரு தம்பி தடிமனான கோப்பை என்னிடம் நீட்டினார். போர்க்குற்றம், சித்திரவதை, மனித வணிகம் இவற்றால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர். பக்கத்துக்குப் பக்கம் உழைப்பு தெரிந்தது. எனக்கோ வயிறு கலங்கியது. இதே மாதிரிக் கோப்பை இதே பெருமையோடு நானும் ஒரு காலத்தில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அதனால் ஒரு பெண் என்ன பாடு பட்டார் என்பதைக் கண்ணால் பார்த்தவள்.

கடவுச்சொல் வையுங்கள், நோட்டைத் தொலைக்காதீர்கள், சாட்சியின் படத்தை முகநூலில் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மனதோடு, ராப்பகலாக உழைத்து நாம் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

## ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப வாக்குமூலம் வாங்குவது

அந்தப் பெண்ணின் ஊரை ஓர் ஆயுதக் குழு தாக்கியது. கணவரை இழுத்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. நான் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். அவர் அழுதார், நிறுத்தினோம், தண்ணீர் குடித்தார், மறுபடி ஆரம்பித்தோம். பதினொரு பக்கம் வந்தது. எனக்கு முன்பே ஒரு மருத்துவ உதவிக் குழு அவரிடம் பேசி எழுதியிருந்தது. எனக்குப் பின் இன்னொரு அமைப்பு வந்து எழுதியது. "இதற்கு முன் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?" என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து, அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர்மீது வேறொரு நாட்டில் வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்று வாக்குமூலங்களையும் வரிசையாக மேசையில் வைத்தார். முதலாவதில் வந்தவர்கள் ஐந்து பேர், நான் எழுதியதில் ஏழு பேர். முதலாவதில் மாலை, என்னுடையதில் இரவு. மூன்றாவதில் கணவரை இழுத்துப் போனதைப் பார்த்தார். முதலாவதில் சத்தம் கேட்டார், அவ்வளவுதான். "இதில் எந்த நாள் நீங்கள் சொன்னது பொய்?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

அவர் எந்த நாளும் பொய் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற பொழுதுக்கு அவர் மொழியில் ஒரே சொல்தான். அதை ஒரு மொழிபெயர்ப்பாளர் மாலை என்றார், இன்னொருவர் இரவு என்றார். வாசல்வரை வந்தவர்கள் ஐந்து பேர். தெருவில் நின்ற இருவரையும் சேர்த்தால் ஏழு. மருத்துவக் குழு அவருடைய காயத்தைப் பற்றித்தான் கேட்டது, ஆகவே கணவரைப் பற்றி அவர்கள் எழுதியது இரண்டே வரி. இதையெல்லாம் அவர் கூண்டில் நின்று விளக்க வேண்டியிருந்தது. பாதியில் பேச்சு நின்றுவிட்டது. கணவர் தொடர்பான பகுதியில் அவர் சொன்னதை நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்த முரண்பாட்டில் பாதி என் கையெழுத்தில் இருந்தது.

நம் கோப்பு நம் அலமாரியோடு நின்றுவிடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நிற்காது. அது வழக்குத்தொடுநர் கைக்குப் போனால், அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருப்பதை எதிர்த்தரப்பிடம் காட்டியாக வேண்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில், அதை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 67(2) பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. அது சரியான விதி. எதிரே நிற்பவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். ஆனால் நாம் எழுதுகிற ஒவ்வொரு கூடுதல் வாக்குமூலமும் சாட்சியை மடக்க ஒரு கூடுதல் தாள் என்பதை நினைவில் வைத்துத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்தத் தவறு எப்படி உற்பத்தியாகிறது என்பதை நினைத்தால்தான். திட்ட அறிக்கையில் "சேகரித்த வாக்குமூலங்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கும். நிதி கொடுப்பவர் அதைப் பார்ப்பார். எண்ணிக்கை ஏற வேண்டும். யார் சுலபமாகக் கிடைப்பார்கள்? ஏற்கெனவே பேசிப் பழகியவர், கதவைத் திறப்பவர். ஆகவே அதே பத்துப் பேர் வீட்டுக்கு மாற்றி மாற்றி எல்லோரும் போகிறோம். பக்கத்துத் தெருவில் இதுவரை யாருமே போய்ப் பார்க்காதவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

2022 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வழக்குத்தொடுநர்களை ஒருங்கிணைக்கும் யூரோஜஸ்ட் அமைப்பும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் சேர்ந்து, சிவில் சமூக அமைப்புகளுக்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டன. அவற்றின் சாரம்: விசாரணை அதிகாரம் உள்ளவர்கள் வர வாய்ப்பிருந்தால் விரிவான வாக்குமூலத்தை நீங்கள் எடுக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளிடமும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும். அப்படியானால் நமக்கு என்னதான் வேலை என்று அந்தத் தம்பி கேட்டார். நிறைய இருக்கிறது. யார், எங்கே இருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது, எதைப் பற்றிச் சொல்லக்கூடியவர், ஏற்கெனவே யாரிடம் சொன்னார், இனி யாரிடம் சொல்லச் சம்மதம், இப்போது என்ன உதவி வேண்டும். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். இப்படி ஒரு பக்கத்தாள்களைச் சீராக வைத்திருக்கும் அமைப்பு, பதினொரு பக்க வாக்குமூலங்களைக் குவித்த அமைப்பைவிட விசாரணையாளருக்குப் பெரிய உதவி.

விதிவிலக்கு உண்டு. மரணப் படுக்கையில் இருப்பவர், நாளைக்கே நாட்டை விட்டுப் போகிறவர், யாரும் விசாரிக்க வர வாய்ப்பே இல்லாத இடம். அப்போது எடுக்கத்தான் வேண்டும். ஒரே தடவை, பயிற்சி உள்ளவர், முடிந்தால் ஒலிப்பதிவோடு. கேள்வியில் பதிலை வைக்கக் கூடாது. "அவர்கள் உங்களை அடித்தார்களா?" என்றால் ஆமாம் என்ற பதில் யாருக்கும் எதற்கும் உதவாது. "அதற்கப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கப் பழகுவதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஒரே ஆள் இருபது பேரிடம் எழுதினால் இருபது வாக்குமூலமும் ஒரே குரலில் பேசும். "நாங்கள் அச்சத்தில் உறைந்துபோனோம்" என்று எழுபது வயதுப் பாட்டியும் சொல்லியிருப்பார், பதினாறு வயதுப் பையனும் சொல்லியிருப்பான். படிக்கிற நீதிபதிக்கு இது சொல்லிக்கொடுத்த சாட்சி என்று தோன்றும். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

குழந்தைகளைப் போராளிகளாகச் சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவின் வழக்குதான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பைத் தந்த வழக்கு. 2012 மார்ச் 14 அன்று வந்த அந்தத் தீர்ப்பில், விசாரணைப் பொறுப்பை வழக்குத்தொடுநர் அலுவலகம், சாட்சிகளைத் தேடித் தந்த இடையாட்களிடம் விட்டது தவறு என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். முன்னாள் குழந்தைப் போராளிகள் என்று வந்து சொன்ன பலருடைய சாட்சியத்தை அவர்கள் ஏற்கவில்லை. லுபாங்கா தண்டிக்கப்பட்டார், அதற்குக் காணொளிப் பதிவுகள் பெரிதும் கைகொடுத்தன. இடையாட்கள் என்று அங்கே சொல்லப்பட்டவர்களில் உள்ளூர் அமைப்புகளோடு வேலை செய்தவர்களும் இருந்தார்கள். நம்மைப் போன்றவர்கள்.

## எல்லையில்லாமல் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பது

அதே லுபாங்கா வழக்கு, தீர்ப்புக்கு நான்கு வருடம் முந்தி. ஐ.நா.விடமிருந்தும் பிற அமைப்புகளிடமிருந்தும் ரகசியம் காப்பதாகச் சொல்லி 200-க்கும் மேற்பட்ட ஆவணங்களை வழக்குத்தொடுநர் பெற்றிருந்தார். அவற்றில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானவையும் இருந்தன. ரகசிய ஒப்பந்தம் காரணமாக அவற்றைக் காட்ட முடியவில்லை. 2008 ஜூனில் நீதிபதிகள் வழக்கையே நிறுத்திவைத்தார்கள். ஆவணம் கொடுத்தவர்கள் பிடியைத் தளர்த்திய பிறகுதான் நகர்ந்தது; விசாரணை தொடங்கியது 2009 ஜனவரியில்.

ஆகவே "இது நமக்குள்ளேயே இருக்கும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சம்மதத்தைத் துண்டு துண்டாக வாங்குங்கள்: எங்கள் அமைப்புக்குள் மட்டும், வேறு அமைப்புக்கு, காவல்துறைக்கு, சர்வதேச நீதிமன்றத்துக்கு, பத்திரிகைக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி, தனிப் பதில். பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிய நேரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை.

## வாட்ஸ்அப்பில் படம் வாங்குவது

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற மெட்டாடேட்டாவையும் உதிர்த்துவிடும். அசல் கோப்பை எடுத்தவருடைய கருவியிலிருந்தே நகலெடுங்கள். எடுத்த உடனே ஹாஷ் எண் (கோப்பில் துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டு, யார் எப்போது யாரிடமிருந்து வாங்கினார் என்று எழுதுங்கள். அசலைத் தொடாதீர்கள், பிரகாசம்கூடக் கூட்டாதீர்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் 2020-இல் கொண்டுவந்த, இணையத்தில் கிடைக்கும் ஆதாரங்களைக் கையாள்வது பற்றிய பெர்க்லி நெறிமுறையை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள்.

## சாட்சிக்குப் பணம்

பயணச் செலவு மட்டும். ரசீதோடு.

## "கடத்தல்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பது

தமிழில் அறிக்கை எழுதும்போது இது தனித் தொல்லை. பிள்ளையைத் தூக்கிப் போனாலும் ஆட்கடத்தல், காசு வாங்கிக்கொண்டு படகில் எல்லை தாண்டவைத்தாலும் ஆட்கடத்தல், வேலை தருவதாக ஏமாற்றிக் கொத்தடிமையாக்கினாலும் ஆட்கடத்தல் என்றே எழுதுகிறோம். சட்டத்தில் இவை மூன்றும் வேறு வேறு. நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிராக 2000-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலெர்மோ உடன்படிக்கையோடு மனித வணிகத்துக்கு ஒரு நெறிமுறையும், புலம்பெயர்வோரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்டவைப்பதற்குத் தனி நெறிமுறையும் இருக்கின்றன.

மனித வணிகம் என்று சொல்ல மூன்று வேண்டும்: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது போன்ற ஒரு செயல், பலவந்தம், ஏமாற்று போன்ற ஒரு வழிமுறை, சுரண்டல் என்ற நோக்கம். எல்லை தாண்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் வழிமுறையை நிரூபிக்கவே வேண்டாம். வழிமுறை இருந்துவிட்டால் "சம்மதித்துத்தான் போனார்" என்ற வாதம் செல்லாது. இதைத் தெரியாமல் "தானாகவே ஏஜென்ட்டிடம் போனவர்" என்று ஓர் ஊழியர் எழுதிய ஒரு வரியால், பாதிக்கப்பட்ட பெண் சட்டவிரோதமாக நுழைந்தவராக நடத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கிடைக்க வேண்டியது பாதுகாப்பு இல்லம், கிடைத்தது தடுப்பு முகாம்.

## ஹேக்குக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

ரோம் சாசனத்தின் 15-ஆவது பிரிவின் கீழ் வழக்குத்தொடுநருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பலாம். அனுப்பியதாலேயே வழக்கு ஆகிவிடாது. 2002 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம், ஹேக்கில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே. உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பியிருக்க வேண்டும், அல்லது சம்பந்தப்பட்ட நாடு அதிகாரத்தைத் தானாக ஏற்றிருக்க வேண்டும். சொந்த நாடு உண்மையாகவே விசாரிக்கிறது என்றால் இந்த நீதிமன்றம் தலையிடாது. முதலில் இதைச் சரிபார்த்துவிட்டு, உள்நாட்டு வழக்கு, உலகளாவிய நீதியதிகாரத்தை (குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கும் அதிகாரத்தை) ஏற்கும் நாடுகள் என்று மற்ற கதவுகளையும் தட்டுங்கள்.

## மே மாதம் வியன்னாவில் போய் இறங்குவது

ஐ.நா.வின் குற்றத் தடுப்பு மற்றும் குற்றவியல் நீதி ஆணையம் 40 நாடுகள் கொண்டது. பெரும்பாலும் மே மாதம் வியன்னாவில் கூடும். ஐ.நா. பொருளாதார சமூக அவையின் ஆலோசனை அந்தஸ்து பெற்ற அமைப்புகள் அங்கே போகலாம், எழுத்து அறிக்கை கொடுக்கலாம். ஆனால் தீர்மான வரைவுகள் கூட்டத்துக்கு முன்பே நாடுகளுக்குள் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த வாரத்தில் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்து ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. சில மாதம் முன்னாலேயே உங்கள் நாட்டு அமைச்சகத்தில் இந்தக் கோப்பைப் பார்க்கிற அதிகாரியைத் தேடிப் பிடியுங்கள். அந்தஸ்து வாங்கியவர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க மறக்காதீர்கள், கொடுக்காவிட்டால் அந்தஸ்து பறிபோகும்.

## "உங்களுக்கு நீதி கிடைக்கும்"

சொல்லாதீர்கள். அது நம் கையில் இல்லை.

## ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள்

அந்தத் தம்பி கடைசியில் கேட்டார்: "அப்போ இதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா அக்கா?"

கூடவே கூடாது. எடுத்ததை அழிப்பது எடுத்ததைவிடப் பெரிய தவறு. முரண்பாட்டைச் "சரி" செய்வதும் அப்படித்தான். மூன்று வாக்குமூலங்களையும், பேசும்போது கிறுக்கிய குறிப்புகளையும், ஒலிப்பதிவையும் அப்படியே ஓர் உறையில் போட்டோம். மேலே ஒரு தாள் வைத்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, இடம், கேட்டவர், மொழிபெயர்த்தவர், அறையில் வேறு யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் என்று அவரையே எழுதவைத்தேன். இரண்டாவது சந்திப்பில் அந்த அம்மாவின் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். கோப்பில் அது எங்கும் இல்லை, கேட்ட பிறகுதான் தம்பிக்கே ஞாபகம் வந்தது. அதையும் எழுதினார். பிறகு அந்த ஊரில் வேலை செய்யும் மற்ற இரண்டு அமைப்புகளுக்கும் போன் போட்டு, இந்த அம்மாவிடம் இனி யாரும் கேட்கப் போக வேண்டாம் என்று சொன்னார். அதில் ஓர் அமைப்பு மறுநாள் போவதாக இருந்தது.